அடித்தொட்டியில் வெனிலா

அருவருப்பு அவளுக்கு லேசில் வராது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலை. யார் யார் வாயிலோ அழுத்தி எடுத்த அச்சுகள் எச்சில் காயாமல் அவள் மேசைக்கு வரும். சிலவற்றில் மதியச் சாப்பாட்டின் மிச்சம்கூட ஒட்டியிருக்கும். அதைக் கழுவி, பிளாஸ்டர் ஊற்றி ஆறவைத்துவிட்டு, அதே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். "உனக்கு மூக்கும் கிடையாது, குமட்டலும் கிடையாது" என்று கணவன் கிண்டல் செய்வான்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில், விருந்தினர் அறைக் கதவை ஒட்டி, அவள் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தாள். ஆள் படுக்கும் நீளம். உள்ளே பாறை, பாறைமேல் பவளங்கள், நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடிக் கோமாளி மீன். வீட்டுக்கு வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள். அவள் தண்ணீரைப் பார்ப்பாள். மீன் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். பவளத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. உப்பு கொஞ்சம் ஏறினால் சுருங்கிக்கொள்ளும், சூடு கொஞ்சம் கூடினால் வெளுத்துவிடும். அதனால் காலையில் பல் துலக்கும் முன்பே அவள் சின்னக் குப்பிகளில் தொட்டி நீரை மொண்டு, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்ப்பாள். காரத்தன்மை, கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட். பவளம் தன் எலும்பைக் கட்டக் கட்ட நீரில் காரமும் கால்சியமும் குறையும். குறைந்ததை ஒரு குட்டி பம்பு சொட்டுச் சொட்டாக ஈடுகட்டும்.

தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், இன்னொரு தொட்டி. மேலே இருக்கும் நீர் அதில் விழுந்து, வடிகட்டித் துணியில் புகுந்து, அழுக்கை நுரையாகப் பிரித்துத் தள்ளும் ஸ்கிம்மரைக் கடந்து, தெளிந்து மேலே ஏறும். அந்த அலமாரிக் கதவை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கணவனின் அக்கா வந்து சேர்ந்தார். தன் வீட்டில் தரை மாற்றும் வேலை நடக்கிறது, முடியும்வரை தம்பி வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றார். ஒரு பெட்டியில் துணி. மற்ற பெட்டிகளிலெல்லாம் டப்பாக்கள். வெனிலா வாசனை போட்ட சத்துப் பவுடர். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உடம்பு இளைக்குமாம், தோல் மினுங்குமாம், மூட்டு வலி பறந்துபோகுமாம். நாத்தனார் அதை வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தார். வாய் சாமர்த்தியத்துக்குக் கேட்கவே வேண்டாம். லிப்டில் ஏறி இறங்குவதற்குள் எதிரில் நிற்பவரின் எடையையும் கவலையையும் கேட்டு வாங்கிவிடுவார்.

"சின்னவளே, மொதல்ல நம்ம வீட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்" என்று வந்த மறுநாள் காலையே ஒரு டம்ளரை நீட்டினார். புகுந்த வீட்டில் அவளுக்குச் 'சின்னவள்' என்றுதான் பெயர். "தம்பிக்குப் பால் அயிட்டம் ஒத்துக்காது, விட்டுடறேன். நீ விடக்கூடாது. பாரு, நானும் குடிக்கிறேன்."

அவள் குடித்தாள். தினமும் பிளாஸ்டர் கலக்குகிறவள். பார்த்ததுமே பதம் தெரிந்தது. அதே வழவழப்பு, அதே கட்டி. நாக்கில் பட்டதும் சர்க்கரையும் சுண்ணாம்பும் ஈரத்துணி நாற்றமும் ஒன்றாக வந்தன. கடைசி வாய் தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்து யோசித்தது. வெனிலா மட்டும் மத்தியானம் வரை ஏப்பத்தில் திரும்பித் திரும்பி வந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணி."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் தினமும் இரண்டு வேளை அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. வயதில் மூத்தவர், வீட்டுக்கு வந்தவர், முகத்துக்கு நேரே எப்படி வேண்டாம் என்பது? மூக்கைப் பிடிக்காமல், முகம் சுளிக்காமல், ஒரே மூச்சில் விழுங்கக் கற்றுக்கொண்டாள். நாத்தனார் அப்படி அவசரப்படுவதில்லை. "நான் மெதுவா ரசிச்சுக் குடிக்கிறவ" என்று டம்ளரைக் கையில் ஏந்தி, கூடத்தில் உலவியபடி, மீன்களோடு பேசிக்கொண்டிருப்பார். சமையலறைக்குத் திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும்.

தொட்டியில் முதலில் மாறியது காரத்தன்மை. இறங்க வேண்டியது ஏறிக்கொண்டே போயிற்று. பம்பு கூடுதலாக ஊற்றுகிறதோ என்று அளந்து பார்த்தாள். பம்பில் கோளாறு இல்லை. பவளங்கள் வளர்வதை நிறுத்தியிருந்தன. எலும்பு கட்டவில்லை, அதனால் காரம் செலவாகவில்லை. ஏன் நிறுத்தின என்பதற்குப் பாஸ்பேட் குப்பி பதில் சொன்னது. எப்போதும் வானம் வெளுத்தது மாதிரி இலேசான நீலம் காட்டும் நீர், பேனா மையைக் கொட்டியதுபோலக் கறுத்தது. நைட்ரேட்டும் அதேபோல ஏறியிருந்தது. ஒரு வாரத்துக்குள் மணல்மேல் செந்நிறச் சளிப்படலம் போர்வைபோலப் படர்ந்தது. விரலால் தூக்கினால் தோல் உரிவதுபோல முழுசாக உரிந்து வரும். மறுநாள் அதே இடத்தில் மறுபடி இருக்கும். ஸ்கிம்மர் கோப்பை நிரம்பி நிரம்பி வழிந்தது. எப்போதும் கறுப்புத் தேநீர்போல இருக்கும் கழிவு, வெளிறிப்போய்ச் சீழ் நிறத்தில் இருந்தது.

கணவன்மேல் சந்தேகப்பட்டாள். "நீங்க மீனுக்கு வாரி வாரி இரை போடறீங்களா?"

"நான் அந்தப் பக்கமே போறதில்லை. உப்புத் தண்ணி தெளிச்சா சட்டை வீணாப்போகுது."

"பின்ன பாஸ்பேட் வானத்துல இருந்தா விழும்?"

"என்னைக் கேட்டா? உன் வடிகட்டி பழசாயிருக்கும்."

வடிகட்டியை மாற்றினாள். புது உப்புப் பையைச் சந்தேகப்பட்டு வேறு பை பிரித்தாள். பாஸ்பேட்டை உறிஞ்சும் துருநிறத் துகளை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டாள். அது தப்பு என்று அவளுக்கே தெரியும். ஏறியதைச் சடாரென்று இறக்கினால் பவளத்துக்கு அதுவே அடுத்த அடி. காரம் உயர்ந்திருந்த நேரத்தில் பாஸ்பேட் திடீரென்று விழ, கிளைப் பவளங்களின் நுனிகள் தீக்குச்சி தொட்டதுபோலப் பொசுங்கி வெளுத்தன. இரண்டு நாளில் பாஸ்பேட் மறுபடி ஏறிவிட்டது. நுனி கருகியதுதான் மிச்சம்.

நாத்தனார் பக்கத்தில் வந்து நின்று உச்சுக்கொட்டினார். "ஐயோ பாவம். எல்லாம் கண்ணு பட்டிருக்கும்மா."

அவள் தொட்டி தொடங்கிய காலத்தில் கட்டைவிரல் அளவில் வாங்கி வைத்தது ஒரு சுத்தியல் பவளம். சுத்தியல் தலைபோல நுனி கொண்ட பச்சை விரல்கள், நீரோட்டத்தில் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். இப்போது கால்பந்து அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதன் ஒரு பக்கம் பழுப்புக் கூழாக உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. சதை எலும்பை விட்டுக் கழன்று சளிபோல நூல்விட்டது. அவள் அதை வெளியே எடுத்த நொடியில் வீடு முழுக்க நாறியது. வெயிலில் விட்ட மீன்கூடையும் அடைத்த சாக்கடையும் சேர்ந்த நாற்றம். கணவன் வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். பல் செட் கூடத்தில் இத்தனை வருடம் எச்சிலோடு புழங்கியவளுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறி நெஞ்சில் முட்டியது.

செத்த பகுதியை வெட்டிவிட்டு, அடித்தொட்டியைத் துப்புரவாகக் கழுவிவிடுவது என்று அலமாரிக்குள் தலையை விட்டாள். முதல் அறையில், வடிகட்டித் துணிக்கு அடியில், சாம்பல் வெள்ளையில் ஒரு வண்டல் களிம்புபோலப் படிந்திருந்தது. கடலில் அப்படியொன்று கிடையாது. உறிஞ்சி எடுக்கக் குழாயை விட்டாள். கைப்பம்பு எங்கேயோ கிடந்தது. தேடப் பொறுமையில்லாமல், கூடாது என்று தெரிந்தே, குழாய் நுனியை வாயில் வைத்து இழுத்தாள். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டாள்.

வாய் நிறைய வந்தது. முதலில் உப்பு. பிறகு அழுகல். எல்லாவற்றுக்கும் அடியில், நாக்கோடு ஒட்டிக்கொண்டு, வெனிலா.

துப்பினாள். வாளிக்குள்ளும், தரையிலும், தன் மடியிலும் துப்பினாள். வாய் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள். அந்த ருசியை அடையாளம் காண யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு டம்ளர் நிறைய அதைக் குடித்திருந்தாள்.

இருந்தாலும் அவள் அளந்து பார்க்கும் பழக்கமுள்ளவள். நாத்தனார் குளிக்கப் போன நேரத்தில், புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர் ஒரு கோப்பையில் பவுடரை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, குப்பியில் ஊற்றிச் சொட்டு விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை நீலம் ஏறி, கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கை தவறிக் கொட்டியிருக்கும்" என்றான்.

"தினமுமா கை தவறும்?"

"அக்கா பாவம். தரை வேலைன்னு சொன்னாலும் வீட்டுல நிம்மதி இல்லாமத்தான் வந்திருக்கா. இப்போ போய் இதைக் கேட்டா மனசு ஒடிஞ்சு போயிடும்."

"பாவம் உங்க அக்காவா, என் பவளமா?"

"நான் சொல்லிக்கறேன், நீ ஒண்ணும் கேட்காதே" என்றான். அவன் சொல்லமாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் கூடத்தில் நாத்தனார் ஒரு கூட்டம் வைத்திருந்தார். மாடி வீட்டு டீச்சர், எதிர்வீட்டு அம்மா, கடைசி வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் இளம்பெண் மூவரும் வந்தார்கள். ஜன்னல்களைத் திறந்து, ஊதுவத்தி கொளுத்தியும் நாற்றம் முழுக்கப் போகவில்லை. நாத்தனார் தொட்டிக்கு முன்னால் நின்று பேசினார். ஏற்கனவே பவுடர் வாங்கிக் குடிக்கிற கைக்குழந்தைக்காரியை உதாரணம் காட்டினார். "ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டா. முகத்துல தெளிவைப் பாருங்க."

முகத்தில் தெளிவு எதுவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம்தான் இருந்தது. பால் கொடுக்கும் பெண் ராத்திரிச் சாப்பாட்டை விடுவதா? சின்னவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பெரிய டம்ளரில், டப்பாவில் போட்டிருந்த அளவைவிட ஒரு கரண்டி கூடவே போட்டு, கரண்டி நிற்கிற கெட்டியில் கலக்கிக் கொண்டுவந்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும் அண்ணி. குடிங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

நாத்தனார் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மெதுவாக ஒரு அடி தொட்டிப் பக்கம் நகர்ந்தார். அவள் அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். அந்த ஒரு கணத்தில் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். ஆனால் நாத்தனார் சிரித்தார். டம்ளரைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பு புடைக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தார். உதட்டில் ஒட்டியதை நாக்கால் வழித்தார்.

"சூப்பர்" என்றார். "என் தம்பி பொண்டாட்டி கைப்பக்குவமே தனி."

எதிர்வீட்டு அம்மா கை தட்டினார். டீச்சர் அங்கேயே இரண்டு டப்பா எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டு அம்மா ஒன்று. அவமானப்படுத்த நீட்டிய டம்ளர், விற்பனைக்குத் துணைபோய்விட்டது. அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வந்தவர்கள் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், நாத்தனார் குளியலறைக்கு ஓடினார். குடல் வெளியே வந்துவிடும் போன்ற சத்தம். அவள் கதவருகே போய் நின்றாள். வாஷ்பேசினில் வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. நாத்தனார் முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மொத ரெண்டு நாள் குடிச்சேன்" என்றார். "அதுக்கப்புறம் மூடியைத் திறந்தாலே வயித்தைப் புரட்டுது. குளியலறையில கொட்டினா அடைச்சுக்குது. உன் அலமாரிக்குள்ள அழுக்குத் தண்ணிதானே விழுது, அதோட போகட்டும்னு விட்டேன்."

"அது எங்கேயும் போகாது அண்ணி. அதே தண்ணி சுத்திச் சுத்தி வரும்."

"எனக்கென்ன தெரியும்? தண்ணிதானே, மாத்திடு."

"உங்களால குடிக்க முடியாததை எப்படி ஊருக்கெல்லாம் கொடுக்கறீங்க? அந்தப் பொண்ணு பச்சை உடம்புக்காரி."

நாத்தனார் துண்டால் வாயைத் துடைத்தார். முகத்தில் வெட்கம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"எனக்குப் பிடிக்கலைங்கறதுக்காக அது கெட்டதா ஆயிடுமா? உனக்குப் பிடிச்சிருந்துச்சே! ஒரு நாளாவது முகம் சுளிச்சியா? நீ மடக்மடக்குன்னு குடிக்கிறதைப் பார்த்துதான் எனக்கே இதுமேல நம்பிக்கை வந்துச்சு."

  இவ்வளவு நாள் மரியாதை என்று நினைத்து அவள் விழுங்கியதெல்லாம் வயிற்றுக்குள் எங்கேயோ களிம்பாகப் படிந்து கிடப்பதுபோல இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் மூன்று வீட்டுக் கதவையும் தட்டி, அந்தப் பவுடர் வேண்டாம் என்று சொன்னாள். எதிர்வீட்டு அம்மா டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, கேட்காமலே எல்லாம் புரிந்த மாதிரி ஒரு சிரிப்பு. மாடியில் டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நேத்து எங்க கண்ணு முன்னாடிதானே அவங்க குடிச்சாங்க?"

"குடிச்சாங்க. அப்புறம் வாந்தி எடுத்தாங்க."

"அப்படி என்ன கலந்து கொடுத்தீங்க?" என்றார் டீச்சர். "நாத்தனார் நாலு பேர் மத்தியில நல்லபடியா இருந்தா உங்களுக்கு ஏன் பொறுக்கலை?" கதவு சாத்திக்கொண்டது.

கைக்குழந்தைக்காரி எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாமியார் நடமாடும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் எங்கேக்கா குடிச்சேன்? மொத வாய்லயே துப்பிட்டேன். தினமும் சிங்க்லதான் ஊத்தறேன். ராத்திரி இவங்கல்லாம் தூங்கினப்புறம் ரொட்டி தின்னுக்கறேன். உங்க அண்ணி அவ்வளவு ஆசையா கேக்கறாங்களே, எப்படி நல்லாயில்லைன்னு சொல்றது?" பிறகு சந்தேகத்தோடு கேட்டாள்: "ஏன்க்கா, நீங்க நிஜமாவே குடிச்சீங்களா?"

படியிறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.  விற்றவர் குடிக்கவில்லை. வாங்கியவள் குடிக்கவில்லை. அந்தக் கட்டடத்திலேயே அந்தக் கூழை ஒரு சொட்டு விடாமல் குடித்தவள் அவள் ஒருத்திதான். அவளும், அவள் வளர்த்த பவளங்களும்.

மாலையில் கணவன் இருக்கும்போதே நாத்தனாரிடம் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க அண்ணி. ஆனா அந்த டப்பாங்க இந்த வீட்டுல இருக்கக்கூடாது. அந்த வாசனை பட்டாலே எனக்கு உயிர் போகுது."

"டப்பாவை விட்டுட்டு நான் எப்படி இருக்கறது?" என்றார் நாத்தனார். தம்பியைப் பார்த்தார். தம்பி தன் செருப்பைப் பார்த்தான். தலை நிமிராமலே, "பெரியம்மா பொண்ணு வீடு காலியாதான் இருக்குக்கா. வண்டி சொல்லட்டா?" என்றான். அவன் அவ்வளவு பேசியதே அவளுக்கு ஆச்சரியம்.

நாத்தனார் டப்பாக்களோடு போவது என்று முடிவு செய்தார். பெட்டிகளை இறக்க அரை நாள் ஆயிற்று. கடைசிப் பெட்டி போனபின் வாசலில் நின்று, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இந்த நாத்தத்துல எப்படித்தான் குடும்பம் நடத்தறீங்களோ" என்றார். நிஜமான அருவருப்போடு சொன்னார். சொல்லிவிட்டு லிப்டுக்குப் போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருந்தாள். சூடும் உப்பும் தொட்டியோடு பொருந்துகிறதா என்று பார்த்தாள். பத்தில் ஒரு பங்குதான் மாற்ற வேண்டும், மறுபடி சில நாள் கழித்து இன்னொரு பங்கு. உறிஞ்சும் துகளும் இந்த முறை ஒரு பிடிதான். காரம் சொட்டும் பம்பைக் குறைத்து வைத்தாள். சுத்தியல் பவளத்தில் ஒரு கிளை மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் ஒரேயொரு பச்சை விரல், அதுவும் பாதி சுருங்கி. கோமாளி மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல இரைக்கு வாயைத் திறந்துகொண்டு கண்ணாடியருகே வந்தன.

மாதக்கணக்கில் ஆயிற்று, குப்பியில் நீலம் வெளுக்க. செந்நிறச் சளி ஒருநாள் தானாகவே வராமல் போயிற்று. அந்த ஒற்றைக் கிளை பிழைத்துக்கொண்டது. நாத்தனார் இடையிடையே போனில் பேசுவார், நலம் விசாரிப்பார், அவளும் பதில் சொல்வாள், சிரிப்பாள்கூட. பேசி முடித்ததும் போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவாள். கோபம் எப்போதோ அடங்கிவிட்டது. நாக்கில் அந்த வழவழப்பு மட்டும் எத்தனை கொப்பளித்தும் போகவில்லை.